அணி யாருடைய சொத்து?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஓர் உதைபந்தாட்ட அணி யாருக்குச் சொந்தம்? பணம் போட்ட முதலாளிக்கா? வியர்வை சிந்தும் வீரனுக்கா? அல்லது மழையில் நனைந்துகொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை கத்துகிறானே, அந்த ரசிகனுக்கா?

"மௌலவிக்கு ஏன் இந்தப் பந்து விவகாரம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நான் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிப்பவன். ஒரு புறம் தேயிலை, மறுபுறம் இறப்பர். வகுப்பில் பாதிப் பேர் கடைவீதி முஸ்லிம் பிள்ளைகள், மீதிப் பேர் லயத்துப் பிள்ளைகள். இந்த இரு தரப்பும் வீட்டில் வேறு வேறு உணவு உண்கின்றன, வேறு வேறு பெருநாள் கொண்டாடுகின்றன. ஆனால் மாலையில் ஒரே பந்தை உதைக்கின்றன. பிள்ளைகள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களோ அதைப் பற்றி ஆசிரியனும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டுமல்லவா?

2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவர்களுடைய கவலை ஹைதராபாத் அணியைப் பற்றியதாக இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அந்த அணி டில்லிக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்ததும் கடைவீதிப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், ஒரு டீம அப்படியே தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போகலாமா? அந்த ஊர் ஆக்கள்ட்ட கேக்கத் தேவில்லையா?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஹைதராபாதுக்கு நடந்தது என்ன?

ஹைதராபாத் உதைபந்தாட்டத்துக்குப் புதிய ஊர் அல்ல. கிரிக்கெட் இந்தத் துணைக்கண்டத்தை விழுங்குவதற்கு முன்பு இந்தியாவின் மிகச் சிறந்த வீரர்கள் பலரை அந்த நகரம் தந்தது. ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 தடவை பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. அந்த அணியைப் பயிற்றுவித்தவர் ஸையத் அப்துர் ரஹீம். 'ரஹீம் ஸாஹிப்' என்று அழைக்கப்பட்ட அவர் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். எங்களைப் போலக் கரும்பலகைக்கு முன் நின்றவர். அவருடைய பயிற்சியில்தான் இந்திய அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் இருந்த கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாதில் பிறந்த தமிழர். ரஹீம் ஸாஹிப் 1963இல் புற்றுநோயால் காலமானார். அதன்பின் அந்த நகரத்தின் உதைபந்தாட்டமும் மெல்ல மெல்ல மங்கியது.

இத்தகைய ஊருக்கு 2019இல் மீண்டும் ஒரு பெரிய அணி கிடைத்தது: ஹைதராபாத் எப்.சி. முதல் பருவத்தில் கடைசி இடம். அடுத்த இரண்டு பருவங்களும் கொரோனா காரணமாகக் கோவாவிலேயே நடந்தன. ஆகவே தம் அணி வளர்வதை அந்த ஊர் மக்கள் தொலைவிலிருந்துதான் பார்த்தார்கள். 2022 மார்ச் 20ஆம் திகதி கோவாவின் பத்தோர்தா மைதானத்தில் இறுதி ஆட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் முந்தியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது ஹைதராபாத் சமப்படுத்தியது. பெனால்டி உதைகளில் கோல் காப்பாளர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார். ஹைதராபாத் சம்பியனானது!

இரண்டே வருடங்கள். 2023-24 பருவத்தில் வீரர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். பாக்கி தீர்க்காத காரணத்தால் புதிய வீரர்களைச் சேர்க்க பீபா தடை போட்டது. மிஞ்சிய இளைஞர்களைக் கொண்டு 22 ஆட்டங்கள் ஆடினார்கள். வென்றது ஒன்றே ஒன்று. 2024இல் அணி பி.சி. ஜிண்டால் நிறுவனத்தின் கைக்கு மாறியது. புதிய முதலாளி வந்துவிட்டார், இனிக் கவலை இல்லை என்று ரசிகர்கள் ஆறுதலடைந்திருப்பார்கள். 2025இல் அதே முதலாளி அணியை டில்லிக்குக் கொண்டுபோய் 'ஸ்போர்ட்டிங் கிளப் டில்லி' என்று பெயர் மாற்றினார். ஊரும் போயிற்று, பெயரும் போயிற்று. வெற்றிக் கிண்ணத்தின் நினைவு மட்டும் ஊரில் தங்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது

வாசகர்களே, இவ்வளவு கேட்டதும் ஹைதராபாத் மக்களுக்காக மனம் இரங்குகிறது அல்லவா? இரங்கத்தான் வேண்டும். ஆனால் கதையின் முன்பகுதியையும் கேளுங்கள்.

2019இல் ஹைதராபாதுக்கு அந்த அணி வானத்திலிருந்து விழவில்லை. பூனே நகரத்தில் 2014 முதல் ஆடிவந்த எப்.சி. பூனே சிட்டி பணநெருக்கடியில் மூடப்பட்டது. அதன் இடத்தைத்தான் புதிய உரிமையாளர்கள் வாங்கி ஹைதராபாதுக்குக் கொண்டுவந்தார்கள். டில்லிக்கும் முன்பு சொந்த அணி இருந்தது. டில்லி டைனமோஸ் என்பது அதன் பெயர். அதே 2019இல் அது புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எப்.சி. ஆகிவிட்டது. ஆக, பூனே இழந்ததை ஹைதராபாத் பெற்றது. டில்லி இழந்ததை ஒடிசா பெற்றது. பின்பு ஹைதராபாத் இழந்ததை டில்லி பெற்றது.

புதிய அணி வந்தபோது ஹைதராபாத் ரசிகன் கைதட்டினான். அதில் குற்றம் இல்லை. அவன் எவரிடமும் எதையும் பறிக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலின் மறுபக்கத்தில் பூனேயில் ஒருவன் தன் ஜேர்சியை மடித்து அலுமாரியின் அடியில் வைத்திருப்பான். ஊரார் சம்மதம் இல்லாமல் ஓர் அணியை விற்கலாம் என்ற வழக்கம் நமக்கு இலாபமாக வரும்போது நாம் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. நட்டமாக வரும்போதுதான் கேட்கிறோம்.

பணம் போட்டவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. வருடா வருடம் நட்டம் வரும் அணியை எந்த முதலாளியும் காலமெல்லாம் சுமக்க மாட்டார். அந்த லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இந்திய சம்மேளனத்துக்கும் இடையிலிருந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அடுத்து என்ன என்பதில் இணக்கம் ஏற்படாததால் அந்தப் பருவமே வழமையான நேரத்தில் தொடங்கவில்லை. நாளை ஆட்டம் நடக்குமா என்று தெரியாத தொழிலில் பணம் போடுபவர் கணக்குப் பார்க்கத்தானே செய்வார்?

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு 'கைமாறுதல்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரக் கம்பனிகளிடம் இருந்த தோட்டங்களை 1970களின் காணிச் சீர்திருத்தம் அரசின் கையில் கொடுத்தது. ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறியது, துரை மாறினார். கொழுந்து எடுப்பவரிடமும் பால் வெட்டுபவரிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இடமாற்றமும் அப்படித்தான். 1964இல் கொழும்பும் டில்லியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்த மக்களும் அப்போது ஆலோசிக்கப்படவில்லை. மனிதரையே இப்படி எண்ணிப் பிரித்து அனுப்பியதோடு ஒப்பிட்டால் ஓர் அணியின் இடமாற்றம் சிறிய காரியம்தான். இருந்தாலும் சிறிய காரியத்தில் பழகும் வழக்கம் பெரிய காரியத்திலும் தொடரும். கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கத்தை மைதானத்திலிருந்தே திருத்தத் தொடங்கினால் என்ன?

அங்கத்தவர் கழகத்துக்கும் வந்த சோதனை

"அப்படியானால் முதலாளியே வேண்டாம், கழகத்தை அங்கத்தவர்களே வைத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அவ்வளவு இலகு அல்ல. கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைப் பாருங்கள். 1891இல் தொடங்கிய கழகம். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதலாவது இந்தியக் கழகம் என்ற பெருமையைப் பெற்று, 1938 வரை தொடர்ந்து 5 வருடங்கள் அதைத் தன்னிடமே வைத்திருந்தது. துணைக்கண்டத்து முஸ்லிம் வீடுகளில் அந்நாளில் அந்தக் கழகத்தின் வெற்றி பெருநாள் போலக் கொண்டாடப்பட்டது. அவ்வணியில் முஸ்லிம் அல்லாதவர்களும் பின்னாளில் ஆடினார்கள். அவர்களையும் ரசிகர்கள் தம் பிள்ளைகளாகவே கொண்டார்கள்.

அந்தக் கழகம் 2023-24இல் ஐ-லீக்கை வென்று, சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. மேலே போனால் செலவும் மேலே போகும். முதலீட்டாளர்களைச் சேர்த்தார்கள். சில மாதங்களில் கழகத்துக்கும் பணம் போட்டவர்களுக்கும் இடையே பிணக்கு. வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. தமக்கும் சம்பளம் வரவில்லை என்று பயிற்சியாளர் 2025 ஜனவரியில் விலகினார். அந்தப் பருவத்தில் அணி கடைசி இடத்துக்குப் போயிற்று. 130 வருடப் பெயர் இருந்தது. பெயரால் மட்டும் வீரனின் வீட்டு அடுப்பு எரியவில்லை.

இங்கே நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. அணி எங்கள் உயிர் என்று சொல்வதற்குப் பணம் தேவையில்லை. அதைப் பேணுவதற்குத் தேவை. அந்தச் சுமையில் ஒரு பங்கையும் எடுக்காமல் உரிமை மட்டும் கேட்டால், காசுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது திறப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

விம்பிள்டன் மக்கள் செய்தது

இலண்டனின் விம்பிள்டன் அணி 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எப்.ஏ. கிண்ணம் வென்ற அணி. அதன் உரிமையாளர்கள் அணியைச் சுமார் 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். ரசிகர்கள் எதிர்த்தார்கள். 2002 மே மாதத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் அணி போய்விட்டது. பின்பு பெயரும் மாறிவிட்டது.

அந்த மக்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அனுமதி கிடைத்த அதே 2002இல் தாமே ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே விம்பிள்டன் பொதுத் திடலில் ஆர்வமுள்ள எவரும் வரலாம் என்று அழைத்து வீரர்களைத் தெரிவு செய்தார்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் படியிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். உரிமை ரசிகர்களின் அமைப்பிடம் இருந்தது. 9 வருடங்களில், 2011இல், தொழில்முறை லீக்குக்கு ஏறிவிட்டார்கள். 2020இல் பழைய மைதானம் இருந்த அதே வீதியில் புதிய மைதானத்துக்குத் திரும்பினார்கள். 2007இல் பழைய அணியின் கிண்ண நினைவுகளும் விம்பிள்டன் பகுதி நகரசபைக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஊரைவிட்டுப் போன அணி அந்த வரலாற்றைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள முடியவில்லை!

ஜேர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு. எவ்வளவு பணம் போட்டாலும், ஒருசில விதிவிலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேல் கழக அங்கத்தவர்களிடமே இருக்க வேண்டும். இங்கிலாந்து 2025இல் ஒரு சட்டமே இயற்றியது. இனி அங்கே ஒரு கழகம் தன் மைதானத்தை விற்கவோ இடம் மாறவோ சுதந்திரமான ஒரு கண்காணிப்பு அமைப்பின் அனுமதி வேண்டும். சின்னம், நிறம் போன்றவற்றை மாற்றுவதிலும் ரசிகர்களுக்குக் குரல் உண்டு. மாணவனின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது: கேட்கத் தேவை உண்டு, ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட இடத்தில்தான் கேட்பார்கள்.

எங்கள் மேட்டிலும் ஒரு கூட்டம்

இப்போது நமது ஊருக்கு வருவோம். எங்கள் பாடசாலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மைதானம். அங்கே மூன்று தலைமுறையாக ஓர் அணி ஆடுகிறது. தோட்டத்தின் பெயர்தான் அணியின் பெயர். லயத்து இளைஞர்களும் கடைவீதி இளைஞர்களும் கலந்த அணி. பந்து கிழிந்தால் தைப்பார்கள். ஒரே சோடி பூட்ஸை அண்ணனும் தம்பியும் மாறி மாறி அணிவார்கள்.

நகரத்து வியாபாரி ஒருவர் அண்மையில் ஒரு யோசனை சொன்னார். எல்லோருக்கும் ஜேர்சி, பூட்ஸ், வலை, பந்துகள், பயிற்சியாளருக்குக் கொடுப்பனவு. பதிலுக்கு அணி அவருடைய கடையின் பெயரில் பதிவாக வேண்டும். ஆட்டங்கள் நகர மைதானத்தில் நடக்க வேண்டும். அவர் கெட்டவர் அல்ல, விளையாட்டை நேசிப்பவர்தான். இளைஞர்கள் பெரும்பாலும் சம்மதித்துவிட்டார்கள். மாவட்ட லீக்கில் ஆடலாம், யாராவது பெரிய கழகத்தார் கண்ணில் படலாம் என்பது அவர்களுடைய கனவு. அந்தக் கனவைத் தவறென்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு மைதானத்து மேட்டில் கூட்டம் கூடியது. என்னையும் அழைத்திருந்தார்கள். கொழுந்து எடுத்துக் கைவிரல்கள் கறுத்துப்போன ஒரு மூதாட்டி எழுந்தார். "டவுனுக்குப் போயிட்டா எங்களுக்கு ஏது சேர் வெளையாட்டு? கெழம பூரா மலையில பேரு போட்டுட்டு, ஞாயித்துக்கெழம இந்த மேட்டுல ஒக்காந்து பாக்குறது ஒண்ணுதான். பஸ்ஸுக்குக் குடுத்துப் போயா பாக்க முடியும்?" என்றார். அவருடைய பேரன் அணியின் தலைவன். அவன் தலை குனிந்து நின்றான். பிறகு, "அப்பாயி, பூட்ஸ் இல்லாம எத்தன நாளைக்கு?" என்று மெல்லக் கேட்டான். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

இரண்டு மணித்தியாலப் பேச்சுக்குப் பிறகு ஓர் அப்பியாசக் கொப்பியில் நான்கு வரிகள் எழுதினோம். ஜேர்சியின் நெஞ்சில் வியாபாரியின் பெயர் இருக்கலாம். அணியின் பெயர் மாறாது. பதிவு அணியின் செயற்குழுவின் பெயரில் இருக்கும். லீக் ஆட்டங்கள் நகரத்தில் நடக்கட்டும். மற்ற ஆட்டங்களும் பயிற்சியும் மேட்டில்தான். ஒவ்வொரு வீட்டாரும் கடைக்காரரும் மாதம் முடிந்த ஒரு தொகை தருவார்கள். கணக்கு ஸ்டோர் பலகையில் ஒட்டப்படும். வியாபாரி அதை வாங்கி வாசித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அவர் மறுத்தால் பூட்ஸ் இல்லாமல் இன்னொரு பருவம். அது பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு என்பதைக் கூட்டத்தில் எவரும் மறுக்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் சமூகத்தில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆனால் அதில் பலரின் உரிமை கலந்திருக்கும். ஊர் அணி அப்படிப்பட்டது. பத்திரக்காரர் பணம் போட்டிருக்கிறார். ஊரார் வயதைப் போட்டிருக்கிறார்கள். முன்னதற்கு ரசீது உண்டு, பின்னதற்கு இல்லை. ஆகவேதான் பின்னது விலைபேசும்போது கணக்கில் வருவதில்லை.

உங்கள் ஊரிலும் ஓர் அணி இருக்கும். பிரச்சினை வருமுன்பே சில காரியங்களைச் செய்து வையுங்கள். அணியின் பெயர், நிறம், சொந்த மைதானம் எவை என்பதை யாப்பில் எழுதுங்கள். அவற்றை மாற்ற அங்கத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகத்தைப் பதிவு செய்யுங்கள். மைதானம் தோட்டக் கம்பனிக்கோ தனியாருக்கோ சொந்தமானால், பாவிக்கும் அனுமதியைக் கடிதமாகப் பெறுங்கள். துரை நல்லவர் என்ற நம்பிக்கை போதாது, துரை மாறுவார். செயற்குழுவில் ஆடுபவர்களோடு பார்ப்பவர்களையும், முக்கியமாகத் தாய்மாரையும் சேருங்கள். மாதம் ஒரு சிறு தொகையாவது எல்லோரும் கொடுங்கள்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் மகன் எந்த அணியின் ஜேர்சியை அணிந்திருக்கிறான் என்று பாருங்கள். அந்த அணி யாருடையது, அது எந்த ஊரில் பிறந்தது, அதற்கு முன் எந்த ஊர் அதை இழந்தது என்று அவனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைதராபாதின் பிள்ளைகள் இப்போது யாருக்காகக் கைதட்டுவார்கள் என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகு, உங்கள் ஊர்க் கழகத்தின் யாப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமாகச் சேர்ந்து போய்ப் பார்த்து வாருங்கள்.